டார்கெட்டிங் பாட் காட்டும் தூரத்தைப் படிப்பது எப்படி: முதலில் எழுத்து, அப்புறம் எண்

டிசிஎஸ் வேர்ல்ட் என்ற விமான சிமுலேட்டரில் எஃப்-16 போர் விமானத்துக்குப் புதிதாக வந்தவர்களோடு பறக்கும்போது இந்தப் பேச்சு தவறாமல் வரும்.

"அண்ணே, டேங்க் கிடைச்சிருச்சு. எட்டு புள்ளி நாலு."

"டி-யா, எல்-லா?"

"எட்டு புள்ளி நாலுண்ணே."

"தம்பி, நம்பருக்கு முன்னாடி ஒரு எழுத்து நிக்குது பாரு. அதைச் சொல்லு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்படி ஓர் எழுத்து இருப்பதையே அப்போதுதான் பார்க்கிறார் என்று அர்த்தம். அவர் மேல் தப்பில்லை. டார்கெட்டிங் பாட் என்பது விமானத்துக்கு வெளியே மாட்டும், கேமராவும் லேசரும் சேர்ந்த கருவி. அதன் திரையில் எழுத்துகளும் எண்களும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். கண் நேராகப் பெரிய எண்ணுக்குத்தான் போகும். ஆனால் அந்தத் தூரத்தை நம்பலாமா கூடாதா என்பதை முடிவு செய்வது எழுத்துதான். இந்த வழிகாட்டி முழுக்க அதைப் பற்றித்தான். நான் அதிகம் ஓட்டுவது எஃப்-16சி என்பதால் விளக்கம் அதை வைத்தே போகும். மற்ற விமானங்களைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கே பார்ப்பது

பாட் பக்கத்தைத் திறந்து தரைத் தாக்குதல் முறைக்கு மாற்றியதும் திரையின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். லேசர் குறியீடு இருக்கும். மாற்றாமல் விட்டிருந்தால் 1688. அதே பகுதியில் ஓர் எழுத்தும் தசமப் புள்ளியோடு ஓர் எண்ணும் இருக்கும். அதுதான் தூரம். அலகு கடல் மைல். ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர், அடிக்கணக்கில் சுமார் 6,076. எண்ணின் கடைசி இலக்கம் பத்தில் ஒரு மைல், அதாவது ஏறக்குறைய 185 மீட்டர். அதைவிட நுணுக்கமாக அந்தத் திரை சொல்லாது. 8.4 என்று காட்டினால் இலக்கு அந்த 185 மீட்டர் பட்டைக்குள் எங்கேயோ இருக்கிறது.

எழுத்து 'டி' (T) என்றால் பாட் பார்க்கும் கோணத்தை வைத்துக் கணினி கணக்குப் போட்டுச் சொன்ன தூரம். 'எல்' என்றால் லேசர் அளந்த தூரம். முதலாவது ஊகம், இரண்டாவது அளவு.

ஹட்டிலும், அதாவது விமானியின் கண்ணெதிரே இருக்கும் கண்ணாடித் திரையிலும், தூரம் வரும். வலது கீழ் மூலையில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சில வரிகள் இருக்கும். மேலே இருப்பது எழுத்தோடு கூடிய சாய்வு தூரம். அங்கே 'டி', 'எல்' தவிர வேறு எழுத்துகளும் வரலாம்: 'எஃப்' என்றால் ரேடார் கொடுத்தது, 'பி' (B) என்றால் காற்றழுத்த உயரமானியை வைத்துப் போட்ட கணக்கு. அதற்குக் கீழே நேரம். அதற்கும் கீழே ஸ்டீயர்பாயின்டுக்கு (முன்பே குறித்து வைத்த வழிப்புள்ளிக்கு) உள்ள தூரமும், அம்புக்குறி போட்டு அதன் எண்ணும். புதியவர்கள் இந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு இலக்கின் தூரம் என்று ரேடியோவில் சொல்லிவிடுவார்கள். இலக்கும் ஸ்டீயர்பாயின்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் வித்தியாசம் தெரியாது, யாரும் கண்டுபிடிக்கவும் மாட்டார்கள். நான்கு மைல் தள்ளி இருக்கும்போதுதான் குட்டு உடையும்.

அது சாய்வு தூரம்

பாட் காட்டுவது உங்கள் மூக்கிலிருந்து இலக்கு வரை நேர்க்கோட்டில் உள்ள தூரம். வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்கும் தூரம் வேறு. உயரம் ஒரு பக்கம், தரைத் தூரம் ஒரு பக்கம், பாட் காட்டுவது கர்ணம். செங்கோண முக்கோணம், அவ்வளவுதான்.

தூரத்தில் இருக்கும்போது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தரையிலிருந்து 20,000 அடி உயரத்தில் பறக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 6,000 அடிக்கு ஒரு மைல் என்று போட்டால் உயரம் 3.3 மைல். பாட் 8 காட்டினால் தரைத் தூரம் 7.3. பரவாயில்லை. பாட் 5 காட்டும்போது தரைத் தூரம் 3.8தான். 4 காட்டும்போது 2.3க்கும் கீழே. பாட் எண் 3.3க்கு வந்து அப்படியே நின்றுவிட்டால் இலக்குக்கு நேர் மேலே இருக்கிறீர்கள். கிட்டப் போகப் போக எண் ஏன் மெதுவாகக் குறைகிறது என்று குழம்புகிறவர்களுக்குப் பதில் இதுதான்.

காக்பிட்டில் உட்கார்ந்துகொண்டு வர்க்கமூலம் யார் போடுவது? அது இல்லாமலே கர்ணம் காண ஒரு பழைய தமிழ் வழி உண்டு. செய்யுளாகவே பலருக்கு மனப்பாடம். நீண்ட பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைத் தள்ளி, குட்டைப் பக்கத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம். நமக்கு வேண்டியது தலைகீழ்க் கணக்கு: பாட் காட்டும் எண்ணிலிருந்து உயரத்தில் பாதியைக் கழியுங்கள், மிச்சத்தோடு அதன் ஏழில் ஒரு பங்கைச் சேருங்கள். 8லிருந்து 1.65 போனால் 6.35. அதில் ஏழில் ஒன்று 0.9. கூட்டினால் 7.25. துல்லியமான விடை 7.29. விமானம் ஓட்டிக்கொண்டே போடும் மனக்கணக்குக்கு இது தாராளம். ஒரு எச்சரிக்கை: தரைத் தூரத்தைவிட உயரம் அதிகமாகிவிட்டால் இந்த வழி கைவிட்டுவிடும். 4 மைலுக்கு இப்படிப் போட்டால் 2.7 வரும், உண்மை 2.3கூட இல்லை. செங்குத்தாகக் கீழே பார்க்கும்போது அதை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. உயரமானி காட்டுவது கடல் மட்டத்திலிருந்து உயரம். மேலே சொன்ன கணக்குக்கு வேண்டியது இலக்கின் தரையிலிருந்து உயரம். நெவாடா வரைபடத்தில் நெல்லிஸ் விமான தளமே கடல் மட்டத்துக்கு சுமார் 1,870 அடி மேலே இருக்கிறது; சுற்றியுள்ள மலைகள் அதற்கும் எத்தனையோ மடங்கு மேலே. அங்கே 20,000 அடியை அப்படியே கணக்கில் போட்டால் விடை சரியாக வராது.

'டி' எங்கே பொய் சொல்கிறது

பாட் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும்போது அதற்குத் தூரம் தெரியாது. எந்தத் திசையில், எவ்வளவு கீழே பார்க்கிறோம் என்பது மட்டும் தெரியும். விமானத்தின் உயரம் கணினிக்குத் தெரியும். இலக்கு நிற்கும் தரை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கணினி ஓர் எண்ணை வைத்துக்கொள்கிறது. இந்த மூன்றையும் சேர்த்து முக்கோணத்தை முடித்துத் தூரத்தைச் சொல்கிறது. மூன்றாவது எண், அதாவது தரையின் உயரம், தவறாக இருந்தால் விடையும் தவறு.

எவ்வளவு தவறும்? ஒரு கணக்கு பார்ப்போம். நீங்கள் கடல் மட்டத்திலிருந்து 20,000 அடியில். இலக்கின் தரை 1,000 அடி என்று கணினி வைத்திருக்கிறது. ஆனால் வண்டி நிற்பது 2,500 அடி உயரமுள்ள ஒரு குன்றின் மேல். பாட் 20 பாகை கீழே பார்க்கிறது. திரையில் டி 9.1 வரும். லேசர் அடித்தால் எல் 8.4. எண்களாகப் பார்த்தால் சின்ன வித்தியாசம்தான். ஆனால் கணினி மனதில் வைத்திருக்கும் இடம் உண்மையான இடத்திலிருந்து சுமார் 4,100 அடி, அதாவது 1,250 மீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஜிபியு-38 மாதிரி ஆயத்தொலைவை நம்பிப் போகும் குண்டை அந்த இடத்துக்கு அனுப்பினால் வண்டிக்காரர் வேடிக்கை பார்ப்பார்.

அதே பிழையோடு 45 பாகை கீழே பார்த்தால் டி 4.4, எல் 4.1. இடப்பிழை 1,500 அடியாகச் சுருங்கிவிடும். பிழை அதேதான், பார்க்கும் கோணம்தான் மாறியிருக்கிறது. தட்டையான கோணத்தில் பார்க்கப் பார்க்க, உயரத்தில் உள்ள சின்னத் தவறும் தூரத்தில் பெருகும். வெறும் 100 அடி உயரப் பிழை, 30 பாகையில் 173 அடி இடப்பிழை. 10 பாகையில் 567 அடி. 5 பாகையில் 1,143 அடி.

கோணத்தைத் தெரிந்துகொள்ளத் திரையில் தேட வேண்டாம். தூரத்தை உயரத்தால் வகுத்தால் போதும். பாட் காட்டும் எண் உங்கள் உயரத்தைப் போல இரண்டு மடங்கு என்றால் 30 பாகை. மூன்று மடங்கு என்றால் 20க்குக் கொஞ்சம் கீழே. ஆறு மடங்கு என்றால் 10 பாகைகூட இல்லை. மூன்று மடங்கைத் தாண்டிய 'டி' தூரத்தை நான் ரேடியோவில் சொல்வதில்லை. "தேடுகிறேன்" என்று மட்டும் சொல்வேன். கடலோரச் சமவெளியில் இந்தக் கட்டுப்பாடு கொஞ்சம் அதிகப்படிதான், ஆனால் காகசஸ் வரைபடத்தில் கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே போனாலே மலை வந்துவிடுகிறது.

லேசரைத் தொடாமலே 'டி' பொய்யா என்று கண்டுபிடிக்கவும் ஒரு வழி உண்டு. பாட் ஐஎன்ஆர் நிலையில் இருக்கும்போது, அதாவது எந்தப் பிம்பத்தையும் பிடிக்காமல் கணக்கிட்ட இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, குறுக்குக்கோட்டை வண்டி மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். இலக்கை நோக்கிப் பறந்துகொண்டே கவனியுங்கள். குறுக்குக்கோடு அப்படியே நின்றால் கணினி வைத்திருக்கும் உயரம் சரி. அது மெல்ல நகர்ந்து வண்டிக்கு அப்பால் போனால் உண்மையான தரை கணினி நினைப்பதைவிட உயரம். காட்டும் தூரம் அதிகம். உங்கள் பக்கமாக நழுவி வந்தால் தரை தாழ்வு; காட்டும் தூரம் குறைவு. பாட் தானாக நகர்கிறது, ஜாய்ஸ்டிக் கெட்டுப்போச்சு என்று டெட்ஸோனைக் கூட்டுகிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள். பிம்பத்தைப் பிடிக்கும் ஏரியா, பாயின்ட் நிலைகளில் இந்த நகர்வு மறைந்துவிடும், ஆனால் பிழை மறையாது. படம் அசையாமல் நிற்பதை மட்டும் வைத்து இடம் சரி என்று முடிவு கட்டாதீர்கள்.

லேசரால் அளப்பது

ஒளி போய்த் திரும்பும் நேரத்தை வைத்து அளப்பதுதான் லேசர் தூரமானி. பத்து கடல் மைல் தள்ளி இருக்கும் இலக்கைத் தொட்டுவர ஒளிக்கு ஏறக்குறைய 124 மைக்ரோ நொடி போதும். தரை உயரம், கோணம் என்ற ஊகம் எதுவும் இதில் இல்லை.

எஃப்-16இல் வரிசை இப்படி. பாட் மாட்டியிருக்கும் வலது ஹார்டுபாயின்டின் மின்சாரத்தைப் போட்டுவிட்டுக் காத்திருங்கள். பாட் தயாராகச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை இன்னும் நேரம் ஆகவில்லை என்று திரையே சொல்லும். ஓடுபாதைக்குப் போகும் முன்பே போட்டுவிடுவது நல்லது. எதிரி எல்லையில் போய் நினைவு வந்தால் வட்டமடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பிறகு லேசர் ஆர்ம் ஸ்விட்ச். பிறகு மாஸ்டர் ஆர்ம். பாட் பக்கத்தைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து, இலக்கின் மேல் குறுக்குக்கோட்டை வைத்து, ஸ்டிக்கில் இருக்கும் டிஎம்எஸ் (TMS) ஸ்விட்சை மேலே தட்டினால் பாயின்ட், வலது பக்கம் தட்டினால் ஏரியா. வண்டி தனியாகத் தெரிந்தால் பாயின்ட், கட்டடமோ மரநிழலில் இருக்கும் வண்டியோ என்றால் ஏரியா. அப்புறம் டிரிகரின் முதல் கட்டத்தை அழுத்திப் பிடியுங்கள்.

இரண்டு மூன்று நொடி பிடித்தாலே போதும். லேசர் சுடும்போது திரையில் 'எல்' சிமிட்டும், எண்ணின் முன்னால் இருந்த 'டி' போய் 'எல்' வரும். எண் தாவினால் எவ்வளவு தாவியது என்று கவனித்துக்கொள்ளுங்கள். தாவலின் அளவுதான் உங்கள் 'டி'யின் பிழை. டிரிகரை விட்டதும் 'டி' திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். எனவே எண்ணை அழுத்திப் பிடித்திருக்கும்போதே படியுங்கள். விட்டுவிட்டுப் படித்தால் பழைய ஊகத்தைத்தான் படிக்கிறீர்கள். நாங்கள் கேட்கும் "எல் தூரம்" பாதிப் பேரிடமிருந்து 'டி' தூரமாகவே வருவது இதனால்தான்.

விலை குறைந்த ஜாய்ஸ்டிக்குகளில் டிரிகர் ஒரே கட்டம்தான் இருக்கும். முதல் கட்டத்தைத் தனியாக வேறொரு பட்டனுக்குக் கொடுத்துவிடுங்கள். என்னிடம் அது கட்டைவிரலுக்கு அடியில் இருக்கிறது. ஆயுத டிரிகரோடு சேர்த்தே வைத்தால் தூரம் பார்க்கப் போய் வேறு ஏதாவது நடக்கும்.

சுடவே மாட்டேன் என்கிறதா? நான் பார்க்கும் வரிசை: லேசர் ஆர்ம் மேலே இருக்கிறதா, மாஸ்டர் ஆர்ம் மேலே இருக்கிறதா, பாட் தரைத் தாக்குதல் முறையில் இருக்கிறதா, விமானத்தின் உடலோ இறக்கையோ பார்வையை மறைக்கிறதா. தரையில் சக்கரம் ஊன்றி நிற்கும்போது சுடாது, எனவே பார்க்கிங்கில் நின்றுகொண்டு சோதித்துப் பார்த்துப் பயனில்லை. உடல் மறைத்தால் பாட் மாட்டியிருக்கும் பக்கம் இலக்கு வருமாறு வட்டத்தை மாற்றுங்கள். குறியீடு 1688ஆ வேறு எண்ணா என்பது தூரத்துக்குச் சம்பந்தமே இல்லாத விஷயம். அது லேசர் குண்டுக்குத்தான் வேண்டும். குறியீடு தப்பு, அதனால்தான் தூரம் தப்பு என்று யாராவது சொன்னால் தலையை ஆட்டிவிட்டு மேலே நடங்கள்.

தூரத்தை மட்டும் தெரிந்துகொண்டு என்ன செய்வது? இடத்தைக் குறித்து வைக்க வேண்டும். லேசரை அழுத்திப் பிடித்தபடியே மார்க்பாயின்ட் எடுப்பதுதான் என் பழக்கம். ஹட்டுக்குக் கீழே எண் பட்டன்கள் இருக்கும் ஐசிபி பலகையில் 7ஐ அழுத்தினால் மார்க் பக்கம். பாட்டை மூலமாகத் தேர்ந்தெடுத்து டிஎம்எஸ் மேலே. டெட் (DED) என்ற சின்ன எழுத்துத் திரையில் இலக்கின் உயரம் வரும். அந்த உயரத்தை ஒரு முறை கண்ணால் பாருங்கள். மலைச்சரிவில் இருக்கும் இலக்குக்குக் கடற்கரை உயரம் வந்தால் எங்கேயோ சறுக்கியிருக்கிறது.

லேசரும் தவறும் இடம்

லேசர் தூரம் எப்போதும் உண்மைதான். ஆனால் கதிர் எதைத் தொட்டதோ அதற்கான உண்மை. நீங்கள் பார்ப்பதைத்தான் அது தொட்டது என்று யார் சொன்னது?

மூன்று மீட்டர் உயரமுள்ள ஒரு டிரக். நீங்கள் 10 பாகை கோணத்தில் பார்க்கிறீர்கள். குறுக்குக்கோடு கூரைக்கு ஒரு மயிரிழை மேலே இருந்தால், கதிர் டிரக்கைத் தாண்டிப் போய் 17 மீட்டர் பின்னால் தரையில் விழும். 5 பாகை என்றால் 34 மீட்டர். தூர எண்ணில் இது தெரியவே தெரியாது, பத்தில் ஒரு மைலுக்குள் அடங்கிவிடும். குண்டுக்குத் தெரியும். ஆகவே குறுக்குக்கோட்டை வண்டியின் நடுவிலோ, அதற்கும் கொஞ்சம் கீழே சக்கரத்தை ஒட்டியோ வையுங்கள். கூரை விளிம்பு வேண்டவே வேண்டாம்.

இதற்கு நேர்மாறானதும் நடக்கும். நடுவில் ஒரு மேடு, அதன் முகடு உங்கள் பார்வையை உரசிக்கொண்டு நிற்கிறது. இலக்கு தெரிகிறது, ஆனால் கதிர் முகட்டில் பட்டுத் திரும்புகிறது. 'டி' 7.8 சொல்லும், 'எல்' 6.1 சொல்லும். எப்போதும் 'எல்' பக்கம் நிற்கும் நான் இங்கே மட்டும் நிற்கமாட்டேன். இரண்டுக்கும் ஒன்றரை மைலுக்கும் மேல் வித்தியாசம் வருவதற்கு ஆயிரக்கணக்கான அடி உயரப் பிழை வேண்டும். அப்படி இருக்க வாய்ப்பில்லை என்றால் நடுவில் ஏதோ குறுக்கே நிற்கிறது. கொஞ்சம் உயரம் ஏறி இன்னொரு முறை அடியுங்கள். இரண்டாவது தடவையும் அதே தாவல் வந்தால் உயரப் பிழை. எண் பொருந்தி வந்தால் முகடு.

எண் நகரும் விதத்தையும் பாருங்கள். 450 நாட் (மணிக்கு 450 கடல் மைல்) வேகத்தில் நேராக இலக்கை நோக்கிப் போனால் நொடிக்கு 0.125 மைல் குறைய வேண்டும். அதாவது கடைசி இலக்கம் நொடிக்கு ஒன்றைவிடக் கொஞ்சம் வேகமாக இறங்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே பார்த்தால் தெரிந்துவிடும். வெகு மெதுவாக இறங்கினால் நீங்கள் இலக்கை நோக்கிப் போகவில்லை, பக்கவாட்டில் போகிறீர்கள். முன்னும் பின்னும் குதித்தால் கதிர் ஒரு முறை வண்டியிலும் ஒரு முறை பின்னால் உள்ள தரையிலும் மாறி மாறிப் படுகிறது. இலக்கைச் சுற்றி வட்டமடிக்கும்போது எண் ஏறக்குறைய அசையாது; அது சரிதான், பயப்பட வேண்டாம்.

கை பழக

மிஷன் எடிட்டரில் ஐந்து நிமிட வேலை. ஒரு டிரக்கைச் சமவெளியில் வையுங்கள், இன்னொன்றை மலைச்சரிவில். சுடாத டிரக்காக இருக்கட்டும். உங்கள் விமானத்தை வானத்திலேயே தொடங்கவிட்டு, இலக்கை நோக்கி வைத்து, ஆக்டிவ் பாஸைப் போடுங்கள்: இடது ஷிப்ட், இடது விண்டோஸ், பாஸ் மூன்றும் சேர்த்து. விமானம் காற்றில் நிற்கும், கருவிகள் எல்லாம் வேலை செய்யும். இப்போது 'டி' எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். லேசர் அடித்து 'எல்' எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். எஃப்10 வரைபடத்தைத் திறந்து ரூலரால் விமானத்திலிருந்து டிரக் வரை இழுங்கள். வருவது தரைத் தூரம். கர்சரை டிரக்கின் மேல் வைத்தால் அந்த இடத்தின் உயரமும் தெரியும். உங்கள் உயரத்திலிருந்து அதைக் கழித்து, ரூலர் தூரத்தோடு சேர்த்துக் கர்ணம் போட்டால் 'எல்' எண் வந்தாக வேண்டும்.

மலை டிரக்கிலும் 'டி'யும் 'எல்'லும் ஒன்றாகவே வந்தால் உங்கள் மாட்யூல் (சிமுலேட்டரில் நீங்கள் ஓட்டும் விமானத் தொகுப்பு) தரையின் உண்மையான உயரத்தை சிமுலேட்டரிலிருந்தே நேராக எடுத்துக்கொள்கிறது. சில மாட்யூல்கள் அப்படித்தான். அதில் 'டி'யை நம்பிப் பழகிவிட்டு வேறு விமானத்துக்குப் போனால் அங்கே அடி வாங்குவீர்கள், ஆகவே பழக்கத்தை மட்டும் எங்கும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபால்கன் பிஎம்எஸ் ஓட்டுகிறவர்களுக்கும் இதே எஃப்-16 வரிசைதான்.

மற்ற விமானங்கள்

ஏ-10சியில் தரையின் உயரம் விமானத்துக்குள் இருக்கும் டிஜிட்டல் நிலப்பரப்புத் தரவிலிருந்து வருகிறது, எனவே லேசர் இல்லாமலே தூரம் நன்றாக இருக்கும். லேசர் ஸ்விட்ச் மாஸ்டர் ஆர்ம் இருக்கும் அதே பலகையில்தான். சுடுவது டிரிகரால் அல்ல, மூக்குச் சக்கரத் திருப்பல் பட்டனால். பாட்டின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் லேட்ச் போட்டுவிட்டால் ஒரு தட்டலுக்குத் தொடர்ந்து சுடும், இன்னொரு தட்டலுக்கு நிற்கும், விரல் வலிக்காது. நிறுத்த மறந்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

ஹார்னெட்டில் மாஸ்டர் ஆர்மோடு எல்டிடி/ஆர் என்ற ஸ்விட்சும் ஆர்மில் இருக்க வேண்டும். லேசர் சுடும்போது அதே பெயர் திரையில் சிமிட்டும். சிமிட்டவில்லை என்றால் சுடவில்லை.

அப்பாச்சிதான் இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் தூரம் எங்கிருந்து வந்தது என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடும். நட்சத்திரக் குறி என்றால் லேசர், மீட்டர் கணக்கில். 'ஏ' என்றால் தானியங்கிக் கணக்கு, 'என்' என்றால் வழிப்புள்ளியிலிருந்து, 'எம்' என்றால் கையால் போட்டது. இவை மூன்றும் கிலோமீட்டரில், ஒரு தசம இடத்தோடு. புள்ளி இருக்கிறதா இல்லையா என்று பார்த்தாலே லேசரா இல்லையா தெரிந்துவிடும்.

'ஏ' முறை ரேடார் உயரத்தையும் டாட்ஸ் என்ற மூக்குக் கேமராக் கருவி கீழே பார்க்கும் கோணத்தையும் வைத்து, உலகம் மேசை மாதிரித் தட்டை என்று நினைத்துக்கொண்டு போடும் கணக்கு. ஹெலிகாப்டரோ தாழப் பறப்பது. 30 மீட்டர் உயரத்தில் நின்று ஒரு பாகை கீழே பார்த்தால் 1,719 மீட்டர், திரையில் ஏ1.7. கோணம் 1.2 பாகை ஆனால் 1,432 மீட்டர், ஏ1.4. கண்ணுக்கே தெரியாத 0.2 பாகைக்கு 287 மீட்டர். அந்த வண்டி உங்களுக்குக் கீழே உள்ள தரையைவிட 20 மீட்டர் மேடான இடத்தில் நின்றால் கதை முடிந்தது: ஒரு பாகைக் கோணத்தில் ஏ1.7 என்றே காட்டும், லேசர் அடித்தால் 573 மீட்டர். உங்களைப் பார்த்துச் சுடும் தூரத்தில் இருக்கும் ஒன்றை ஒன்றே முக்கால் கிலோமீட்டர் தள்ளி இருப்பதாக நினைத்துக்கொண்டு நிதானமாக ராக்கெட் முறையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருப்பீர்கள். எதுவும் போடாமல் விட்டிருந்தால் முன்பே வைத்திருக்கும் ஓர் எண்தான் நிற்கும். அதற்கும் இலக்குக்கும் எந்த உறவும் இல்லை. பீரங்கி எடுப்பதற்கு முன் நட்சத்திரத்தைப் பாருங்கள்.

பணம் கொடுக்காமல் பழக விரும்புகிறவர்களுக்கு டிசிஎஸ்ஸோடு இலவசமாக வரும் சு-25டி இருக்கிறது. அதன் ஷ்க்வால் தொலைக்காட்சிக் கருவி பாட் அல்ல, மூக்கிலேயே இருக்கிறது. இலக்கைப் பூட்டியதும் தூரத்தை லேசர் தானே அளந்துவிடும். ஹட்டில் வரும் தூரம் கிலோமீட்டரில். கூட்டாகப் பறக்கும்போது சு-25டி ஓட்டுபவர் "பத்து" என்றால் எஃப்-16காரருக்கு அது 5.4. எங்கள் குழுவில் அதனால் ரேடியோவில் எண்ணோடு அலகையும் சேர்த்துச் சொல்கிறோம்: "எல், எட்டு புள்ளி நாலு மைல், இலக்கு உயரம் இரண்டாயிரத்து ஐந்நூறு அடி." எழுத்து, எண், அலகு, இலக்கின் உயரம், இந்த வரிசையில். கேட்கிறவர் மறுபடி எதுவும் கேட்காமல் தன் பாட்டைத் திருப்பிக்கொள்ளலாம்.